ஓடையின் குறுக்கே சின்ன மண் கரை: வெள்ளமும் தணிய வேண்டும், பறவையும் வர வேண்டும். முடியுமா?

ஏரிக்கரை · 12 ஜனவரி 2025, இரவு 9.40

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் மயிலத்துக்கு மேற்கே, சின்னக் குன்றுகளின் அடியில் இருக்கிறது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த அந்த ஒரு நாளில் மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவானது. குன்றுப் பக்கமிருந்து வரும் ஓடை எங்கள் கீழத்தெருவுக்குள் புகுந்துவிட்டது. விடியும்போது வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஆடுமாடு போனது, விதை நெல் போனது. உயிர்ச்சேதம் இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

ஊர்க் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. ஊருக்கு மேலே, இரண்டு மேடுகள் நெருங்கி வரும் இடத்தில், ஓடையின் குறுக்கே மண் கரை போடலாம் என்கிறார்கள். அந்த இடத்தின் அகலம் சுமார் 90 மீட்டர். கரையை மூன்றரை மீட்டர் உயர்த்தினால் 4 ஹெக்டேர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் என்று பார்த்திருக்கிறோம். மேலிருந்து தண்ணீர் வடிந்து வரும் பரப்பு 1.2 சதுர கிலோமீட்டர், பாதி புதர்க்காடு, பாதி மானாவாரி நிலம்.

சிக்கல் இதுதான். வெள்ளத்தில் அடிபட்டவர்கள், "மழைக்காலத்தில் கரைக்குள் சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது, காலியாக இருந்தால்தான் வெள்ளத்தைப் பிடிக்கும்" என்கிறார்கள். எனக்கும் இன்னும் சிலருக்கும் அங்கே தண்ணீர் நிற்க வேண்டும், பறவைகள் வர வேண்டும் என்று ஆசை. சின்ன வயதில் அந்த ஓடைப் பள்ளத்தில் நாரை பார்த்திருக்கிறேன். இப்போது சீமைக்கருவேலம் மட்டும்தான் இருக்கிறது. இரண்டு தரப்பும் சொல்வது நியாயம்தானே? ஒரே கரையில் இரண்டும் நடக்குமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 15 வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் டிராக்டரில் மண் கொட்டி ஒரு கரை போட்டோம். முதல் பெருமழையிலேயே உடைந்தது.

---

ஓய்வுபெற்ற பொறியாளர் · 12 ஜனவரி 2025, இரவு 11.05

தம்பி, பொதுப்பணித் துறையில் ஏரிப் பராமரிப்பிலேயே என் காலம் கழிந்தது. முதலில் கணக்கைப் பார்ப்போம், ஆசை அப்புறம்.

1.2 சதுர கி.மீ. என்பது 12 லட்சம் சதுர மீட்டர். அதன்மேல் அரை மீட்டர் மழை விழுந்தால் 6 லட்சம் கன மீட்டர் தண்ணீர். பாதி மண்ணுக்குள் போனாலும் 3 லட்சம் ஓடி வரும். உங்கள் கரை 3 மீட்டர் மட்டத்துக்கு நிரம்பினால் எவ்வளவு பிடிக்கும்? 4 ஹெக்டேருக்குச் சராசரி ஆழம் 1.3 மீட்டர் என்று வைத்தால் 52 ஆயிரம் கன மீட்டர். அதாவது வந்த வெள்ளத்தில் ஆறில் ஒரு பங்கு. கரை முழுக் காலியாக இருந்திருந்தாலும் ஃபெஞ்சல் மழையை அது தடுத்திருக்காது.

இதை ஊரில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். "இனி வெள்ளமே வராது" என்று நம்பி யாரும் ஓடைக்குள் வீடு கட்டிவிடக் கூடாது.

அதற்காகக் கரை வீண் என்று சொல்லவில்லை. ஒரு நாளில் 10 செ.மீ. மழை உங்கள் பக்கம் அடிக்கடி பெய்யும். அதில் 40 ஆயிரம் கன மீட்டர் போல ஓடி வரும். அந்த மாதிரி வெள்ளத்தை இந்தக் கரை பிடித்து வைத்து மெல்ல விடும். வருடா வருடம் தண்ணீர் தெருவுக்குள் வருவது குறையும். பெரும்புயலில் கரைக்கு ஒரே ஒரு வேலைதான்: உடையாமல் இருப்பது. தேங்கிய தண்ணீரோடு உடைந்தால், கரையே இல்லாத ஊருக்கு வந்திருக்கக்கூடிய வெள்ளத்தைவிட மோசமான வெள்ளம் வரும்.

பழைய கரை எப்படி உடைந்தது? மேலே வழிந்தா, நடுவில் ஓட்டை விழுந்தா?

---

ஏரிக்கரை · 13 ஜனவரி 2025, காலை 6.20

ஐயா, மிக்க நன்றி. மேலே வழியவில்லை. அடியில் ஒரு சிமென்ட் குழாய் பதித்திருந்தோம். அதன் பக்கவாட்டில் முதலில் கலங்கல் தண்ணீர் கசிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ஆள் நுழையும் அளவுக்குப் பள்ளம் ஆகிவிட்டது.

---

நெல்லைச்சீமை · 13 ஜனவரி 2025, காலை 8.15

நாங்குநேரிப் பக்கம் எங்களுக்கு. 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் எங்கள் மாவட்டமும் தூத்துக்குடியும் பட்ட பாட்டை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. பக்கத்து ஊர்க் குளம் உடைந்ததை நான் நேரில் பார்த்தேன். கரை பலமான கரைதான். உடைந்ததற்குக் காரணம் கலுங்கு, அதாவது குளம் நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி. கூடுதலாகத் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று யாரோ கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். மறுகால் பாய வழி குறைந்ததும் தண்ணீர் கரைமேல் ஏறிவிட்டது. மண் கரைமேல் அரை அடி தண்ணீர் வழிந்தால் போதும், பின்சரிவு கரைந்துகொண்டே வரும்.

ஏரிக்கரை அண்ணாச்சி, உங்கள் பதிவில் கரை உயரம் இருக்கிறது, தண்ணீர்ப் பரப்பு இருக்கிறது. கலுங்கு எங்கே?

---

ஓய்வுபெற்ற பொறியாளர் · 13 ஜனவரி 2025, காலை 10.30

நெல்லைச்சீமை கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்க இருந்தேன். மண் கரைகள் உடையப் பெரிய காரணங்கள் இரண்டு: மேலே வழிவது, உள்ளே அரிப்பது. நெல்லையில் நடந்தது முதலாவது, மயிலத்தில் நடந்தது இரண்டாவது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். அந்தப் பரப்பில் ஒரு மணி நேரத்துக்கு 6 செ.மீ. வேகத்தில் மழை கொட்டினால், நொடிக்கு 12 கன மீட்டர் போல வந்து சேரும். 15 மீட்டர் நீளக் கலிங்கல் (நெல்லைச்சீமை சொன்ன கலுங்குதான்) வைத்தால் அதன்மேல் 60 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஏறி ஓடும். 30 மீட்டர் வைத்தால் 40 செ.மீ. போதும். அதற்கும் மேலே அலைக்கும் எதிர்பாராததற்கும் 80 செ.மீ. வெறும் கரை இருக்க வேண்டும். ஆக, மூன்றரை மீட்டர் கரையில் கலிங்கல் மட்டம் 2.3 மீட்டர்தான். நீங்கள் நினைத்த 4 ஹெக்டேர் வராது, சுமார் 3 ஹெக்டேர் நிற்கும். கொள்ளளவும் 30 ஆயிரம் கன மீட்டருக்கு இறங்கிவிடும். கரையை உயர்த்தாதீர்கள். கலிங்கலை அகலப்படுத்துங்கள். அதைக் கரைமேல் வைக்காமல், பக்கத்து மேட்டின் கெட்டித் தரையில் வெட்டி, தண்ணீர் ஊரைத் தொடாமல் பழைய ஓடைக்கே போய்ச் சேரும்படி விடுங்கள்.

இரண்டாவது, உள்ளரிப்பு. கரை போடும் இடத்தில் புல், வேர், மேல்மண் எல்லாவற்றையும் வழித்தெடுக்க வேண்டும். கரையின் நடுக்கோட்டில் கெட்டித் தரை வரும்வரை ஒரு அகழி வெட்டிக் களிமண் நிரப்பி இடிக்க வேண்டும். அடிவழியாகக் கசிவு போகாமல் தடுப்பது அதுதான். மண்ணை அரையடி, முக்காலடி அடுக்காகப் பரப்பி, ஈரம் பார்த்து, ஒவ்வொரு அடுக்கையும் உருளை ஓட்டி இறுக்க வேண்டும். ஈரம் எப்படிப் பார்ப்பது? கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. டிராக்டரில் கொட்டிய மண் கரையாகாது, குவியல்தான். உங்கள் பழைய கரையில் குழாயைச் சுற்றி மண்ணை யாரும் இறுக்கியிருக்க மாட்டார்கள். உருளை அங்கே போகாது, கைத்திமிசால்தான் இடிக்க வேண்டும். குழாயின் கடைசிப் பகுதியைச் சுற்றி மணலும் ஜல்லியும் வைத்தால், கசிகிற தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு போகாது.

தண்ணீர்ப் பக்கச் சரிவு ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டரை மீட்டர் அகலம், வெளிப்பக்கம் ஒன்றுக்கு இரண்டு. கரைமேல் 3 மீட்டர் அகலம் வையுங்கள். உருளையும் டிராக்டரும் போய்வர அந்த அகலம் வேண்டும்.

---

கீழூர் விவசாயி · 13 ஜனவரி 2025, மாலை 7.50

எல்லோரும் மன்னிக்க வேண்டும், நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். இந்த மாதிரிக் கரைகளுக்குக் கீழே இருக்கிற ஊர்க்காரன் நான். எங்கள் ஏரிக்கு வரும் வரத்துக்கால் மேலூர் ஓடையிலிருந்துதான் வருகிறது. மேலே மூன்று இடத்தில் தடுப்பு போட்டார்கள். ஒவ்வொன்றும் சின்னதுதான். மழை நன்றாகப் பெய்கிற வருடத்தில் எங்களுக்கும் வரும். மழை குறைந்த வருடம் அவர்களுக்கு மட்டும் நிற்கும், எங்கள் ஏரி வெடித்துக் கிடக்கும்.

நம் ஊர் ஏரிகள் சங்கிலித் தொடர். மேல் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனால்தான் கீழ் ஏரி நிறையும். அந்தச் சங்கிலியில் புதிதாக ஒரு கண்ணி சேர்ப்பவர்கள் கீழே இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? பறவைக்கு இடம் கேட்கிறார்கள், நல்லது. எங்கள் நாற்றங்காலுக்கும் இடம் வேண்டும்.

---

ஏரிக்கரை · 13 ஜனவரி 2025, இரவு 9.10

அண்ணே, இதை நாங்கள் யோசிக்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்குக் கீழே இரண்டு ஏரிகள் இருக்கின்றன. கடைசியில் எல்லாம் கடலோரச் சதுப்பு நிலமான கழுவெளிக்குத்தான் போகிறது. அந்த ஊர்களில் இதுவரை யாரிடமும் பேசவில்லை. இந்த வாரம் போகிறேன்.

---

வேடந்தாங்கல் பக்கத்து வாசி · 14 ஜனவரி 2025, காலை 7.00

பொங்கல் வாழ்த்துகள். பறவை பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், பத்து வருடமாக மதுராந்தகம் வட்டாரத்தில் பறவை பார்த்து வருகிறவள்.

வேடந்தாங்கலும் ஒரு பாசன ஏரிதான், மண் கரை போட்ட ஏரி. பரப்பு 30 ஹெக்டேர்தான். 1798-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளை யாரும் சுடாமல் காக்கும் உரிமையை ஊர் மக்களுக்கு எழுதிக் கொடுத்தார். மக்கள் அதைக் கேட்டதற்குக் காரணம் விவசாயம். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் போனால் பயிர் நன்றாக வருகிறது என்று அவர்கள் கண்டிருந்தார்கள். கீழூர் விவசாயி அண்ணா, பறவைக்கும் நாற்றங்காலுக்கும் பகை இல்லை என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஆனால் ஏரிக்கரை சார், உங்கள் இடம் வேடந்தாங்கல் ஆகாது. ஆக வேண்டியதும் இல்லை. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூட்டமாகக் கூடுகட்ட, தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள் வேண்டும், சுற்றுவட்டாரத்தில் நிறைய மீன் வேண்டும், குஞ்சு பறக்கும்வரை மாதக்கணக்கில் தண்ணீர் வேண்டும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் இருந்தால்தான் பூனையும் நாயும் கூட்டை நெருங்காது. அதனால் தண்ணீர் முன்கூட்டியே வற்றினால் குஞ்சுகள் பாடு ஆபத்து.

உங்கள் அளவுக்கு முக்குளிப்பான் வரும், தாழைக்கோழி வரும், நீலத் தாழைக்கோழி, சிறிய நீர்க்காகம், குருட்டுக்கொக்கு, நத்தைகுத்தி நாரை வரும். ஓரம் சேறும் சகதியுமாக இருந்தால் குளிர்காலத்தில் உள்ளான்கள் இறங்கும். உள்ளானுக்குக் கால் நனையும் அளவு தண்ணீர் போதும், முக்குளிப்பானுக்கு மூழ்கும் ஆழம் வேண்டும். அதனால் அடித்தரையைச் சமமாக வழித்துவிடாதீர்கள். ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மெல்ல ஏறும் சரிவு, நடுவில் இரண்டு மூன்று திட்டு. திட்டில் நீர்க்கடம்பும் நாட்டுக் கருவேலமும் நடுங்கள். வளர்ந்து கூடுதாங்க வருடங்கள் ஆகும், அதுவரை பொறுக்க வேண்டும்.

பொறியாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி: வெள்ளத்துக்குக் காலி இடம், பறவைக்குத் தண்ணீர், இரண்டையும் மட்டம் பிரித்து வைக்க முடியாதா?

---

தொலைதூரத் தமிழன் · 14 ஜனவரி 2025, காலை 9.45

அக்கா கேட்டதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. நான் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் வேலை செய்கிறேன். இங்கே இதே மாதிரிச் சின்ன மண் அணைகள் இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, நாடு முழுக்கப் பன்னிரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1944-இல் வெள்ளத் தடுப்புக்கு ஒரு சட்டம் வந்தது. அதன்படி வாஷிட்டா ஆற்றுப் படுகையில் கார்டெல் ஊருக்குப் பக்கத்தில் கிளவுட் கிரீக் ஓடையில் 1948-இல் முதல் அணை கட்டினார்கள். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அடக்கமான புல் கரைதான்.

அமைப்பு எப்படி என்றால், கரைக்கு உள்ளே தண்ணீரில் ஒரு கான்கிரீட் கூண்டு நிற்கும். அதன் வாய் அடித்தரையிலிருந்து சற்று உயரத்தில் திறந்தே இருக்கும். கதவு இல்லை, ஆள் இல்லை. வாய்க்குக் கீழே உள்ள தண்ணீர் எப்போதும் நிற்கும். மழை வந்தால் வாய்க்கு மேலே ஏறும், கூண்டுக்குள் விழுந்து குழாய் வழியாகச் சில நாட்களில் வடிந்துவிடும். அதையும் மீறினால் பக்கவாட்டில் அகலமான புல்தரை வழியாகப் போகும். கீழே நிற்கும் தண்ணீருக்கான இடத்தை அவர்கள் ஒதுக்கியது வண்டலுக்காக. 50 வருடத்தில் சேரும் வண்டல் அதில் அடங்கட்டும் என்பது கணக்கு. வண்டல் சேரும்வரை அது குளமாக இருந்ததால் வாத்தும் மீனும் வந்து சேர்ந்தன. இப்போது பல அணைகள் அந்த 50 வருடத்தைத் தாண்டிவிட்டன, வண்டலும் பழுதும் பெரிய கவலையாக இருக்கிறது. நம் ஊரில் வண்டலை விவசாயிகளே வயலுக்கு அள்ளிக்கொண்டு போவார்களே, அந்தப் பழக்கம் இங்கே இல்லை.

---

ஓய்வுபெற்ற பொறியாளர் · 14 ஜனவரி 2025, மதியம் 3.20

அம்மா கேட்டதும் தம்பி சொன்னதும் ஒன்றுதான், உங்கள் இடத்துக்கு அப்படியே பொருந்தும்.

30 செ.மீ. குழாயின் வாயை 1.2 மீட்டர் மட்டத்தில் வையுங்கள். அதற்குக் கீழே ஒன்றரை ஹெக்டேரில் 9 ஆயிரம் கன மீட்டர் நிற்கும், அது பறவைக்கு. அதற்கு மேலே கலிங்கல் மட்டம்வரை 21 ஆயிரம், அது வெள்ளத்துக்கு. முழுக்க நிரம்பினாலும் இரண்டு நாளில் குழாய் அதை வடித்துவிடும். அடுத்த மழைக்கு இடம் தயார். புயல் எச்சரிக்கை கேட்டு ராத்திரியோடு ராத்திரியாக மதகைத் திறந்து மொத்தத்தையும் காலி செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அப்படிச் செய்வது ஆபத்தும்கூட. ஊறிய கரையில் தண்ணீரைச் சட்டென்று இறக்கினால் உட்சரிவு வழுக்கி விழும்.

கதவில்லாத குழாய் என்பதால் கீழூர்க்காரர்களுக்கும் இதில் வழி இருக்கிறது. முதலில் பள்ளம் நிறையும், அப்புறம் வருவதெல்லாம் தானாகக் கீழே போகும். யாரும் பூட்டி வைக்க முடியாது.

பறவைத் தண்ணீரில் ஒரு குறை. நம் வெயிலுக்கு நாளுக்கு 5 மி.மீ. ஆவியாகும். டிசம்பர் முதல் ஏப்ரல்வரை 60 செ.மீ. போய்விடும், கசிவு தனி. சராசரி ஆழமே 60 செ.மீ. என்றால் ஏப்ரலில் வெறும் தரைதான். அதனால் கரைக்கு வேண்டிய மண்ணை வெளியே வாங்காதீர்கள். உள்ளேயே, கரை அடியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி வெட்டுங்கள். கரையும் எழும், ஆழமான மடுவும் கிடைக்கும், திட்டுக்கும் மண் கிடைக்கும். மணல் அடுக்கு தெரிந்தால் அங்கே வெட்டுவதை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் அதன் வழியே இறங்கிவிடும்.

---

நெல்லைச்சீமை · 14 ஜனவரி 2025, மாலை 6.05

ஐயா சொன்ன மட்டக்கணக்கு நம் முன்னோர்களிடமும் இருந்திருக்கிறது. பழைய கலுங்குகளில் வரிசையாகக் கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முழுக்கக் கற்களுக்கு இடையே திறந்திருக்கும். பருவம் முடியும்போது புல் கட்டியும் களிமண்ணும் வைத்து அடைத்து, கடைசி மழையை ஓரடி கூடுதலாகப் பிடிப்பார்கள். மணல் மூட்டை அடுக்கியவர்கள் அதே வேலையை அக்டோபரில் செய்தார்கள். காலம் தெரியாமல் செய்ததுதான் பிழை.

கரையில் பனை வையுங்கள். எங்கள் குளங்களில் பனை நிற்கிற கரை கரைந்து நான் பார்த்ததில்லை.

---

ஓய்வுபெற்ற பொறியாளர் · 14 ஜனவரி 2025, இரவு 8.30

பனை மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் மூன்றரை மீட்டர் புதுக் கரையின் சரிவில் எந்த மரமும் வேண்டாம் என்பேன். கரை அடியிலிருந்து தள்ளி வரிசையாக வையுங்கள். சரிவுக்கு அருகம்புல், வெட்டிவேர். எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். புதர் மண்டினால் தெரியாது.

---

கண்மாய்க்கரை · 15 ஜனவரி 2025, காலை 10.10

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. கரை போட்டதும் மீன் குத்தகை என்று ஒரு பேச்சு வரும். எங்கள் கண்மாய் ஒன்றில் பிப்ரவரி மாதம் கூட்டில் குஞ்சு இருக்கும்போதே மீன் பிடிக்கத் தண்ணீரை இறைத்து வெளியேற்றினார்கள். பத்து நாளில் நாரைகள் கிளம்பிப் போய்விட்டன. அடுத்த இரண்டு வருடம் வரவில்லை. குத்தகை விடத்தான் வேண்டும் என்றால் மடுவில் தண்ணீரை இறைக்கக் கூடாது என்று ஊர்த் தீர்மானத்திலேயே எழுதி வையுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை உள்ளே விடாதீர்கள், மற்ற மீனை மிச்சம் வைக்காது.

ஊர் மனசு வைத்தால் நடக்கும். வேட்டங்குடிச் சரணாலயத்துப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே பிறந்த பிள்ளைகள் அதை ஒரு இழப்பாகவே நினைப்பதில்லை.

---

ஏரிக்கரை · 2 பிப்ரவரி 2025, இரவு 9.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

கீழே இரண்டு ஊருக்கும் போய்ப் பேசினோம். முதல் ஊரில் கோபப்பட்டார்கள். கதவில்லாத குழாய் என்று படம் போட்டுக் காட்டியதும் இறங்கி வந்தார்கள். அவர்கள் நிபந்தனை: குழாய் மட்டமும் கலிங்கல் மட்டமும் கல்லில் வெட்டி, மூன்று ஊரும் பார்க்கிற இடத்தில் நட வேண்டும், யாரும் மாற்றக் கூடாது. ஒத்துக்கொண்டோம். எங்கள் ஊரில் "முழுக்கக் காலியாக வேண்டும்" என்றவர்களுக்கு ஐயாவின் முதல் கணக்கை வாசித்துக் காட்டினேன். ஆறில் ஒரு பங்கு என்றதும் கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, கரை ஒரு பக்கம் நடக்கட்டும், கீழத்தெருவுக்குக் கீழே ஓடையை மறித்திருக்கும் ஆக்கிரமிப்பை அளந்து எடுக்கவும் மனு கொடுப்போம் என்று முடிவானது. அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

நிலத்தில் பெரும்பகுதி ஓடைப் புறம்போக்கு. தண்ணீர் ஏறும் பட்டா நிலம் மூன்று பேருடையது. இருவர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், மூன்றாமவர் யோசிக்கிறார், வற்புறுத்தவில்லை. ஊராட்சித் தீர்மானம் போட்டு ஒன்றியப் பொறியாளரிடம் கொடுத்திருக்கிறோம். அவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு கூடை மண்ணும் போட மாட்டோம்.

ஐயா, மண் பரிசோதனைக்குக் குழி எத்தனை வெட்ட வேண்டும்?

---

ஓய்வுபெற்ற பொறியாளர் · 3 பிப்ரவரி 2025, காலை 6.45

கரைக் கோட்டில் நான்கு, மண் எடுக்கும் இடத்தில் மூன்று, கலிங்கல் வரும் மேட்டில் ஒன்று. கெட்டித் தரை வரும்வரை வெட்டுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், அதன்மேல் வண்டல், உச்சியில் களி என்று பிரிந்து நிற்கும். படம் எடுத்து இங்கே போடுங்கள். களி கால் பங்குக்குக் குறைவாக இருந்தால் நடு அகழிக்கு வேறு இடத்தில் களிமண் தேட வேண்டியிருக்கும்.

---

ஏரிக்கரை · 3 பிப்ரவரி 2025, காலை 7.10

சரி ஐயா. சனிக்கிழமை வெட்டுகிறோம். ஞாயிறு மாலை படங்கள் போடுகிறேன்.